மிதமான செலவில் ப்ரீபில்ட் கேமிங் கணினி: இந்த மூன்றில் எதை வாங்கலாம்?

விசைப்பலகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னுடைய பழைய மடிக்கணினியில் புதிய விளையாட்டுகள் எவையும் ஓடாத நிலை வந்துவிட்டதால், மேசைக் கணினி ஒன்றை வாங்க முடிவு செய்திருக்கிறேன். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம் என்பது தெரியும். ஆனால் பழுது என்று வந்தால் கோளாறு எந்தப் பாகத்தில் என்று நானே தேடிக்கொண்டிருக்காமல், முழுக் கணினிக்கும் ஒரே இடத்தில் பொறுப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஆகவே பாகங்களைப் பூட்டித் தயாராக விற்கும் ப்ரீபில்ட் கணினிதான் என்பதில் மாற்றமில்லை.

என் கையிருப்புக்குள் மூன்று கணினிகள் வருகின்றன. முதலாவதில் இன்டெல் கோர் ஐ7-14700எஃப் பிராசசர், 8 ஜிபி நினைவகம் கொண்ட என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, லிக்விட் கூலர் ஆகியவை உள்ளன. இரண்டாவதில் ஏஎம்டியின் ரைசன் 5 7600 பிராசசர், 16 ஜிபி நினைவகம் கொண்ட ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம், 1 டிபி எஸ்எஸ்டி; சாதாரண விசிறிக் கூலர்தான். இவை இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. மூன்றாவது இவற்றைவிடக் கணிசமாக மலிவு: ரைசன் 5 5500, ஆர்டிஎக்ஸ் 5060 8 ஜிபி, 32 ஜிபி டிடிஆர்4 ராம், 1 டிபி எஸ்எஸ்டி.

கதை சார்ந்த பெரிய விளையாட்டுகளைத்தான் அதிகம் விளையாடுவேன். வார இறுதியில் நண்பர்களுடன் ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகள் உண்டு. எப்போதாவது காணொளி வெட்டி ஒட்டும் வேலையும் வரும். இப்போது இருப்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். அடுத்த ஆண்டுக்குள் 1440பி மானிட்டருக்கு மாறும் எண்ணம் இருக்கிறது. ஐ7 என்பதால் முதல் கணினியின் பக்கமே என் மனம் சாய்கிறது. அது சரியான காரணமா?

செம்புக்கம்பி எழுதியது:

1440பி மானிட்டர் வாங்கப் போகிறீர்கள் என்ற ஒரு வரிதான் உங்கள் பதிவில் மிகவும் முக்கியமானது, அங்கிருந்தே தொடங்கலாம். 1080பி திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் உள்ளன. 1440பி திரையில் 36.9 லட்சம். அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு படத்துக்கும்) கிராபிக்ஸ் கார்டு வரைந்து தர வேண்டிய அளவு முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. பிராசசரின் வேலையோ திரையின் அளவைப் பொறுத்து அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே திரை பெரிதாகப் பெரிதாக, பிராசசருக்குக் கொடுத்த கூடுதல் பணம் பயனற்றுக் கிடக்கும். கிராபிக்ஸ் கார்டில் மிச்சம் பிடித்த பணம் ஒவ்வொரு ஃபிரேமிலும் குறையாகத் தெரியும்.

முதல் கணினியில் நடந்திருப்பது இதுதான். 14700எஃப்பில் 8 பெரிய கோர்களும் (கணக்கிடும் மையங்கள்) 12 சிறிய கோர்களுமாக 20 கோர்கள் இருக்கின்றன. பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேகத்தில் ஓடும்போது அது 219 வாட் வரை இழுக்க இன்டெல்லே அனுமதிக்கிறது. லிக்விட் கூலர் வைத்திருப்பதும் அதனால்தான். நாள் முழுவதும் காணொளி ரெண்டர் செய்பவருக்கு இது அருமையான பிராசசர். விளையாடுவதற்காக வாங்கும் உங்களுக்கு, அந்தப் பிராசசருக்கும் கூலருக்கும் போன பணம் கிராபிக்ஸ் கார்டில் போயிருக்க வேண்டிய பணம். ஐ7 என்ற சொல்லைத் தலைப்பில் பெரிதாகப் போட்டு, 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060ஐ அதன் பக்கத்தில் வைத்து விற்பது வெகு நாளாகவே நடந்து வருகிறது. 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) கொண்ட 7600 போன்ற பிராசசர் உங்கள் தேவைக்குத் தாராளமாகப் போதும்.

இன்னொன்றும் உண்டு. இன்டெல் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு இருந்ததும், அதைச் சரிசெய்ய 2024 ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை மென்பொருள்) திருத்தங்கள் வந்ததும் எல்லோரும் அறிந்ததே. இன்டெல் உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. திருத்தப்பட்ட பயாஸ் (மதர்போர்டில் உள்ள தொடக்க மென்பொருள்; அந்தத் திருத்தம் அதன் வழியே வரும்) உள்ள கணினியை வாங்குவதில் அச்சம் வேண்டாம். ஆனால் கிடங்கில் வெகு நாள் இருந்த கணினியில் அந்தப் பயாஸ் ஏற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும்; நீட்டிப்பு அந்தக் கணினிக்கும் உண்டா என்று அதைத் தயாரித்தவரிடம் கேட்டுக்கொள்ளவும் வேண்டும்.

என் தேர்வு இரண்டாவது.

வெள்ளிமீன் எழுதியது:

பிராசசர் பற்றி நண்பர் செம்புக்கம்பி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மூன்றாவது கணினியை யாரும் ஏறெடுத்துப் பார்க்காமல் போவது நியாயமாகப் படவில்லை. விலை கணிசமாகக் குறைவு என்கிறார்; கிராபிக்ஸ் கார்டு 2025 மே மாதம் வந்த ஆர்டிஎக்ஸ் 5060; ராம் 32 ஜிபி. மிச்சமாகும் பணத்தில் அடுத்த ஆண்டு வரை காத்திராமல் இப்போதே நல்ல மானிட்டர் வாங்கிவிடலாமே.

டிஎல்எஸ்எஸ் என்விடியா கார்டுகளில் மட்டுமே உண்டு. குறைந்த பிக்சல்களில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் இந்த வசதியில் படத்தின் தெளிவு இப்போது மிகவும் முன்னேறியிருக்கிறது, அதை ஏற்கும் விளையாட்டுகளும் ஏராளம். ஏஎம்டியின் அதே வகை வசதியான எஃப்எஸ்ஆர் 4ம் நன்றாகவே இருக்கிறது என்றாலும், அது இருக்கும் விளையாட்டுகள் அந்த அளவுக்கு இல்லை. காணொளி வேலை செய்பவர்கள் பலரும் என்விடியாவையே நாடுவதற்கும் காரணங்கள் உண்டு. 1080பி திரையில் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு 8 ஜிபி நினைவகம் இன்றும் போதுமானது. எல்லா அமைப்புகளையும் உச்சத்தில் வைத்தே விளையாட வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. டெக்ஸ்ச்சர் (பரப்புகளின் மேல் ஒட்டப்படும் படம்) தரத்தை ஒரு படி குறைத்தால் பெரும்பாலான விளையாட்டுகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

செம்புக்கம்பி எழுதியது:

வெள்ளிமீன் அவர்களே, டிஎல்எஸ்எஸ் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். 8 ஜிபி எல்லோருக்கும் போதாது என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆனால் 8 ஜிபி கார்டை மூன்றாவது கணினியில் வைப்பதற்கும் வேறொரு கணினியில் வைப்பதற்கும் இடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம் நிரம்பிவிட்டால், மீதித் தரவு கணினியின் ராமில் போய் உட்காரும். அங்கிருந்து அதை எடுத்துவர இருக்கும் ஒரே வழி, மதர்போர்டில் கார்டைச் சொருகும் பிசிஐஇ இணைப்பு. ஆர்டிஎக்ஸ் 5060 தன்னுடைய சொந்த நினைவகத்திலிருந்து நொடிக்கு 448 ஜிபி வேகத்தில் தரவை எடுக்கக்கூடியது. பிசிஐஇ வழியாக எடுக்கும்போதோ, அந்தக் கார்டில் 8 லேன்கள் (தரவுப் பாதைகள்) மட்டுமே இருக்கின்றன. இணைப்பு 5.0 தலைமுறையாக இருந்தால் அந்த 8 லேன்களில் நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிபி வரும். ஆனால் ரைசன் 5 5500 பிராசசர் பிசிஐஇ 3.0ஐ மட்டுமே ஆதரிக்கிறது. எவ்வளவு புதிய மதர்போர்டில் பொருத்தினாலும் அதில் மாற்றமில்லை. 3.0 தலைமுறையில் 8 லேன்களுக்கு நொடிக்குக் கிடைப்பது ஏறத்தாழ 8 ஜிபி. 448 எங்கே, 8 எங்கே! நினைவகம் நிரம்பாத வரை ஒரு குறையும் தெரியாது. நிரம்பிய அடுத்த கணமே படம் திக்கித் திக்கி ஓடும், அல்லது பாறையும் சுவரும் களிமண் பூசியது போலத் தெளிவின்றித் தெரியும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) எண்ணில் இது சரியாகத் தெரிவதும் இல்லை. அதனால்தான் மதிப்பாய்வு அட்டவணைகளில் சராசரியை மட்டும் பார்க்காமல் ‘1% லோ’ எண்ணையும் (மிக மெதுவாக ஓடிய 1% ஃபிரேம்களின் வேகம்) பார்க்கச் சொல்கிறோம்.

5500க்கும் 5600க்கும் எண்ணில் நூறுதான் வித்தியாசம். ஆனால் 5600இல் 32 எம்பி எல்3 கேஷும் (பிராசசருக்குள் இருக்கும் வேக நினைவகம்) பிசிஐஇ 4.0உம் இருக்கின்றன, 5500இல் 16 எம்பியும் 3.0உம்தான். விற்பவரின் விளம்பரத்தில் இரண்டும் ‘6 கோர் ரைசன் 5’ என்றே வரும். மூன்றாவது கணினியிலேயே 5600 இருந்து, மதர்போர்டும் பிசிஐஇ 4.0ஐ ஏற்கும் பி550ஆக இருந்திருந்தால், குறைந்த செலவில் நல்ல தேர்வு என்று நானே பரிந்துரைத்திருப்பேன்.

இரண்டாவது கணினியின் 9060 எக்ஸ்டி 16 லேன்களையும் பயன்படுத்துவது. நினைவகமோ 16 ஜிபி. 1440பி திரைக்குப் போகும்போது டெக்ஸ்ச்சர் தரத்தைக் குறைக்க வேண்டிய தேவை வெகுநாள் வராது.

திருப்புளி எழுதியது:

பழுதான கணினிகளைப் பிரித்துப் பார்ப்பதே என் தொழில் என்பதால், விவரப் பட்டியலில் இல்லாதவற்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். மூன்று கணினிகளைப் பற்றியும் நண்பர் விசைப்பலகை எழுதியதில் பவர் சப்ளையின் பெயர் இல்லை, மதர்போர்டின் பெயர் இல்லை, ராம் ஒரே குச்சியா இரண்டா என்பது இல்லை. இது அவருடைய குறையன்று. விற்பவர்கள் எழுதுவதே அவ்வளவுதான். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் எந்தக் கடையில் வாங்கினாலும் ஒன்றுதான், அவற்றின் விலையை யாரும் ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். லாபத்துக்காகக் கை வைப்பதெல்லாம் பெயர் சொல்லாத பாகங்களில்தான். என்னிடம் பழுதுக்கு வரும் ப்ரீபில்ட் கணினிகளில் கிராபிக்ஸ் கார்டு கெட்டுப்போனவை குறைவு. பவர் சப்ளை கெட்டவையும், வெப்பம் வெளியேற வழியில்லாமல் வேகம் குன்றியவையுமே அதிகம்.

பவர் சப்ளையில் ‘600 வாட், 80 பிளஸ்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. 80 பிளஸ் சான்று அளப்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே. 115 வோல்ட் அளவீட்டில் பாதிச் சுமையில் பிரான்ஸ் என்றால் 85 விழுக்காடு, கோல்டு என்றால் 90 விழுக்காடு. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் எவ்வளவு நாள் உழைக்கும், ஷார்ட் சர்க்யூட் ஆனால் தானே அணையுமா என்பதையெல்லாம் அந்தச் சான்று சொல்லாது. உங்களுக்கு வாட் பற்றாக்குறை வரப் போவதில்லை: 9060 எக்ஸ்டி 16 ஜிபி கார்டு 160 வாட்டும், 7600 பிராசசர் அதிகபட்சம் 88 வாட்டும் இழுக்கும், மற்றவற்றைச் சேர்த்தாலும் நல்ல 550 வாட் பவர் சப்ளையே போதுமானது. கேட்க வேண்டியது நிறுவனத்தின் பெயரும் மாடலின் முழுப்பெயரும். அந்தப் பெயரில் நம்பகமான சோதனை முடிவுகள் கிடைத்தால் வாங்கலாம். பெயரைச் சொல்ல மறுத்தால், அந்த மறுப்பையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாகங்களின் வடிவம். பெரிய நிறுவனங்கள் சிலவற்றின் கணினிகளில் மதர்போர்டு அவர்களே வடிவமைத்ததாக இருக்கும். அண்மையில் என்னிடம் வந்த ஒரு கணினியில் பவர் சப்ளை மட்டுமே கெட்டிருந்தது. திறந்து பார்த்தால், வழக்கமான 24 முள் இணைப்பு இருக்க வேண்டிய இடத்தில் அந்நிறுவனத்துக்கே உரிய சிறிய இணைப்பு. எஸ்எஸ்டிக்குப் போகும் மின்கம்பிகூட மதர்போர்டிலிருந்தே கிளம்பியது. மதர்போர்டைத் தாங்கும் திருகுத் துளைகளும் வேறு இடத்தில். சந்தையில் கிடைக்கும் எந்தப் பவர் சப்ளையும் அதில் பொருந்தாது. மதர்போர்டை மாற்றினால் கேபினெட்டையும் மாற்ற வேண்டும். உத்தரவாதம் முடிந்திருந்ததால், பிராசசர், ராம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றை மட்டும் காப்பாற்றி, மற்ற அனைத்தையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. ஆகவே மதர்போர்டு ஏடிஎக்ஸ் அல்லது மைக்ரோ ஏடிஎக்ஸ் என்னும் பொது வடிவத்தில், தனியாகவும் சந்தையில் விற்கப்படும் மாடலாக இருக்கிறதா என்று கேளுங்கள். கணினியின் பக்கக் கதவைத் திறந்து எடுத்த படம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். படத்திலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

அதே படத்தில் முன்பக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்து, அதற்குப் பின்னால் வண்ண விளக்குடன் மூன்று விசிறிகள் சுழன்றாலும், காற்று உள்ளே வர இடைவெளி இல்லையென்றால் அவை வெறும் அலங்காரமே. வலைக்கண் போட்ட முன்பக்கமும், உள்ளிழுக்க இரண்டு, வெளித்தள்ள ஒன்று என மூன்று சாதாரண விசிறிகளும் போதும்.

மழைக்குருவி எழுதியது:

இழையின் கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது என்பதால் ஒன்று மட்டும். பாகங்களைத் தனியாக வாங்கினால் எப்போதும் மலிவு என்ற கணக்கு 2025இன் இறுதியிலிருந்து மாறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்காக நினைவகச் சில்லுகள் பெருமளவில் போவதால் ராம் விலை கடுமையாக ஏறியது. நினைவகச் சில்லுகள் தயாரிக்கும் மைக்ரான் நிறுவனம், நுகர்வோருக்கான குரூஷியல் பெயரிலான விற்பனையிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய அளவில் முன்கூட்டியே கொள்முதல் செய்து வைத்திருப்பவர்களின் ப்ரீபில்ட் கணினிகளில் இந்த ஏற்றம் சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். எனவே ப்ரீபில்ட் வாங்குவதற்காக நண்பர் யாரிடமும் காரணம் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாங்கும்போதே போதிய ராமுடன் வாங்குவது நல்லது என்பதும் இதிலிருந்தே புலப்படும்.

விசைப்பலகை எழுதியது:

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மூன்று விற்பனையாளர்களுக்கும் எழுதிக் கேட்டேன். முதல் கணினியில் ராம் 16 ஜிபி ஒரே குச்சி. மதர்போர்டு அவர்களுடைய சொந்தத் தயாரிப்பு. பவர் சப்ளையின் மாடலைச் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. இரண்டாம் கணினியில் பி650 மைக்ரோ ஏடிஎக்ஸ் மதர்போர்டு, 650 வாட் பிரான்ஸ் பவர் சப்ளை. இரண்டின் மாடல் பெயர்களையும் தந்ததோடு கதவைத் திறந்த படமும் அனுப்பினார்கள். ராம் 8 ஜிபி குச்சிகள் இரண்டு. கூடுதல் பணம் கொடுத்தால் 16 ஜிபி குச்சிகள் இரண்டாக மாற்றித் தருவார்களாம். மூன்றாம் கணினியில் பி450 மதர்போர்டு, 16 ஜிபி குச்சிகள் இரண்டு.

முதலாவதை விலக்கிவிட்டேன். இப்போது ராம் பற்றித்தான் ஐயம். 8 ஜிபி குச்சிகள் இரண்டோடு வாங்கிக்கொண்டு, பிறகு காலியாக உள்ள இரண்டு இடங்களில் இன்னும் இரண்டு குச்சிகள் சேர்த்துக்கொள்ளலாம் அல்லவா?

செம்புக்கம்பி எழுதியது:

டிடிஆர்4 காலத்தில் அப்படிச் செய்வதில் பெரிய இடையூறு இருக்கவில்லை. டிடிஆர்5இல் நான்கு குச்சிகள் போடுவது விரும்பத்தக்கதன்று. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி தரும் அதிகாரபூர்வ வேகம், இரண்டு குச்சிகளுக்கு 5200. நான்கு குச்சிகளுக்கு 3600. அதைவிட அதிக வேகத்தில் நான்கும் ஓடுவதுண்டு, ஆனால் அது மதர்போர்டையும் குச்சிகளையும் பொறுத்த வாய்ப்பு. வெவ்வேறு நாளில் வாங்கிய குச்சிகள் ஒரே மாடல் என்றாலும் உள்ளே வேறு சில்லுகள் இருக்கக்கூடும். ஆகவே பிறகு 32 ஜிபி வேண்டுமென்றால் இருக்கும் இரண்டு 8 ஜிபி குச்சிகளையும் எடுத்துவிட்டுப் புதிய ஜோடி வாங்க வேண்டிவரும்.

ஒரே 16 ஜிபி குச்சியோடு தொடங்கிப் பிறகு இன்னொன்று சேர்ப்பதும் ஒரு வழி. ஆனால் அதுவரை ஒற்றைச் சேனலில் ஓட வேண்டும். பிராசசரும் ராமும் பேசிக்கொள்ளும் பாதையில் பாதியை அடைத்துவிட்டு ஓட்டுவதுதான் ஒற்றைச் சேனல். ஆன்லைன் விளையாட்டுகளில் எஃப்பிஎஸ் குறைவது அதில் தெளிவாகத் தெரியும்.

காணொளி வேலையும் உண்டு என்கிறீர்கள். ஆகவே 16 ஜிபி குச்சிகள் இரண்டாக இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. அந்தக் கூடுதல் தொகை கைக்கு எட்டாது என்றால், 8 ஜிபி குச்சிகள் இரண்டோடு வாங்கலாம். இன்றைய விளையாட்டுகளில் பெரும்பாலானவை 16 ஜிபியில் நன்றாகவே ஓடுகின்றன. கிராபிக்ஸ் கார்டை ஒரு படி குறைத்து ராமைக் கூட்டுவதை மட்டும் செய்ய வேண்டாம்.

வெள்ளிமீன் எழுதியது:

பிசிஐஇ 3.0 விவரம் மூன்றாவது கணினியைப் பற்றிய என் கணிப்பை மாற்றிவிட்டது. அதன் பிராசசர் பொருந்தும் ஏஎம்4 சாக்கெட்டுக்குப் புதிய பிராசசர் வரிசையும் இனி வரப்போவதில்லை. இரண்டாவதில் உள்ள ஏஎம்5 சாக்கெட்டை 2027 வரையிலும் அதற்குப் பின்னும் ஆதரிப்பதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து மதர்போர்டை மாற்றாமலேயே பிராசசரை மட்டும் மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு இரண்டாவதில் இருக்கிறது. என்விடியாதான் வேண்டும் என்பவர்கள், இதே அமைப்பில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கிடைத்தால் அதைப் பார்க்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 9060 எக்ஸ்டி, 5060 டிஐ இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என ஒரே பெயரில் இருவகையாக விற்கப்படுகின்றன. விளம்பரத்தில் ஜிபி எழுதப்படவில்லை என்றால் அது 8 ஜிபி என்றே வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இது புதிய பழக்கமும் அன்று: ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகையில் நினைவகப் பாதை 192 பிட், பின்னர் வந்த 8 ஜிபி வகையில் 128 பிட், ஆர்டிஎக்ஸ் 3050இன் 8 ஜிபி வகையில் 2560 கோர்கள், 6 ஜிபி வகையில் 2304 கோர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் கார்டு வேறு. விலைச்சீட்டில் நினைவக அளவோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

விற்பனைப் பக்கத்தில் போட்டிருக்கும் எஃப்பிஎஸ் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பல ஃபிரேம்களை இடையில் உருவாக்கிச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கி எடுத்த எண் கண்ணைக் கவரும். ஆனால் மவுஸை அசைத்ததற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடைப்பட்ட நேரம் அதனால் குறையாது. உங்களுடைய துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் அந்த நேரம்தான் முக்கியம்.

மழைக்குருவி எழுதியது:

ஒளி பட்டுத் தெறிப்பதைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் பற்றி யாரும் சொல்லவில்லை. ‘டூம்: தி டார்க் ஏஜஸ்’ போன்ற சில விளையாட்டுகள் ரே டிரேசிங் வசதி இல்லாத கார்டில் திறக்கவே மாட்டா. இரண்டாம் கணினியின் கார்டில் அந்த வசதி உண்டு. ஆனால் மலிவு விலையில் அந்த வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் வரிசைப் பழைய கார்டுகளைப் பூட்டி இன்னமும் விற்கப்படும் கணினிகளை, இந்த இழையைப் படிக்கும் மற்றவர்கள் தவிர்த்துவிடுவது நல்லது.

விசைப்பலகை எழுதியது:

இரண்டாம் கணினியையே, 16 ஜிபி ராம் குச்சிகள் இரண்டோடு வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை என்னென்ன, கணினி வந்து சேர்ந்ததும் முதலில் சரிபார்க்க வேண்டியவை என்னென்ன என்று திருப்புளி அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

திருப்புளி எழுதியது:

நல்ல முடிவு. பணம் கட்டுவதற்கு முன், எல்லாப் பாகங்களின் மாடல் பெயர்களும் விலைச்சீட்டில் இடம்பெற வேண்டும். ‘அதற்கு இணையான பாகம் வைக்கப்படலாம்’ என்ற வரி இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். உத்தரவாதம் முழுக் கணினிக்கும் ஒரே காலமா, பாகத்துக்குப் பாகம் மாறுமா, பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பவற்றைக் கேளுங்கள். கதவைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று ஒட்டுச்சீல் வைப்பவர்கள் இருக்கிறார்கள். தூசி துடைக்கவும் எஸ்எஸ்டி சேர்க்கவும் திறக்கலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். விண்டோஸ் 11 உரிமம் விலைக்குள் அடங்குமா என்பதையும் பாருங்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

பெட்டி வந்ததும் மின்சாரத்தில் இணைப்பதற்கு முன் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். பயணத்தில் கிராபிக்ஸ் கார்டு ஆடாமல் இருப்பதற்காக உள்ளே நுரைப் பொதியை அடைத்து அனுப்புவது வழக்கம். அதை எடுக்காமல் கணினியை ஓட்டினால் விசிறிகள் சுற்ற முடியாது. எடுக்கும்போது மெதுவாக, நேராக மேலே தூக்குங்கள், கம்பிகள் அதில் சிக்கியிருக்கும். கிராபிக்ஸ் கார்டு அதன் பள்ளத்தில் முழுவதும் பதிந்திருக்கிறதா, அதற்குப் போகும் மின்கம்பி சொருகியிருக்கிறதா, கூலர் ஆடாமல் இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மானிட்டர் கம்பியைக் கிராபிக்ஸ் கார்டில் உள்ள துளையில்தான் சொருக வேண்டும். 7600 பிராசசருக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருப்பதால், மதர்போர்டில் உள்ள துளையில் சொருகினாலும் படம் வரும். விளையாட்டு மட்டும் பரிதாபமாக ஓடும். கார்டே பழுது என்று எண்ணி என்னிடம் தூக்கி வந்தவர்களும் உண்டு.

கணினி இயங்கியதும் டாஸ்க் மேனேஜரில் நினைவகப் பகுதியைத் திறந்தால் ராமின் வேகம் தெரியும். 4800 என்று காட்டினால், பயாஸில், ராமை அதற்கென அறிவித்த வேகத்தில் ஓட்டும் எக்ஸ்போ அமைப்பை இயக்காமலே அனுப்பிவிட்டார்கள் என்று பெரும்பாலும் பொருள். நுழைந்து இயக்கிவிடுங்கள், அதன் பிறகு கணினி நிலையாக ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளில் கார்டின் பெயர், 16 ஜிபி நினைவகம், பிசிஐஇ 16 லேன் ஆகிய மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். லேன் எண்ணிக்கையை விளையாட்டு ஓடும்போது பாருங்கள், சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பைக் குறைத்துக்கொள்ளும். பிறகு, இருப்பதிலேயே கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டி, ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்னும் மென்பொருளில் வெப்பநிலையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டே இருந்தாலோ, கணினி தானே அணைந்தாலோ, திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பினாலோ, அதைக் காணொளியாக எடுத்து அன்றே விற்பவருக்கு அனுப்புங்கள். திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்கு முன் இவை அனைத்தையும் செய்து முடித்துவிட வேண்டும். அந்தக் காலம் கழிந்துவிட்டால் மாற்றுக் கணினி கிடைக்காது, பழுது பார்த்துத் தருவதோடு நிறுத்திக்கொள்வார்கள். அட்டைப்பெட்டியையும் அந்த நுரைப் பொதியையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள், திருப்பி அனுப்ப நேர்ந்தால் அவை இல்லாமல் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.